வெறுமையாய் இறங்கும்போது

பிறேக் பிடித்தால் பின்பக்கம் போகுது என்றாள்.
எந்தப் பக்கம்?
மேசையில் கையை வைத்து
மணிக்கட்டை அசைத்துக் காட்டினாள்,
கரையில் போட்ட மீன் வாலடிப்பதுபோல.
இடப்பக்கம்.
எப்பவும் இடப்பக்கம்.

ரெகுலா ட்சுர்புகன். சாம்பல் நிறக் கார்,
இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் கிலோமீற்றர்.
அப்பிள் சாறு ஏற்றி
மலைமேல் விடுதிகளுக்குக் கொண்டுபோகிறவள்.
பேர்க்டோர்ஃபில் ஒரு கராஜ்
பிறேக் தட்டும் கட்டையும் மாற்றியது.
இன்னொன்று நாலு ரயரும் மாற்றியது.
மூன்றாவது
நீங்கள் பிந்தித்தான் மிதிக்கிறீர்கள் என்று சொல்லி
அதற்கும் நூற்றிருபது ஃபிராங்க் எழுதியது.

எங்கள் முதலாளி வூத்ரிக்
ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.
ஒக்டோபர். ஈரம்.
இலைதான், என்றார்.

நான் கேட்டேன்:
பெட்டிகளோடு இறங்கினதுண்டா?
யோசித்தாள்.
ஒருமுறை. விடுதி பூட்டியிருந்த நாள்.
அன்றைக்கு?
அன்றைக்கு நேராக வந்தேன்.

பிறேக் பிடித்த கணத்தில்
பாரம் முழுக்க முன்னுக்கு ஓடும்.
பின்சில்லுகள் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும்,
செத்தவீட்டில் தூரத்துச் சொந்தம்போல.
அந்த நேரம் பார்த்து
ஒரு சில்லு கொஞ்சம் வேறுபக்கம் பார்த்தால் போதும்.

சில்லு நேர்பார்க்கும் மேடையில் ஏற்றினேன்.
திரை முழுக்கப் பச்சை.
கலிப்பர், கேபிள், கையால் ஆட்டிப் பார்த்த பெயாரிங்
எல்லாம் சுகம் என்றன.
டொக்டரைக் கண்டதும் நின்றுவிடுகிற இருமல்.

திரை வெடித்த என் பழைய ஃபோனை
மூன்று கேபிள் ரையால்
இடது பின்சில்லுக்கு உள்ளே கட்டினேன்.
அஃபோல்டேர்னுக்கு மேலே, லூக் இறக்கத்தில்,
முன்னும் பின்னும் ஒருவரும் வராத நேரம் பார்த்து
அறுபதிலிருந்து மிதித்தேன்.
வால் போனது.
அதற்கு முந்தியே என் வயிறு போயிருந்தது.

பதினொரு செக்கன் படம்.
சேறு, இரும்பு, சேறு.
ஏழாவது செக்கனில்
சில்லைத் தாங்குகிற இரும்புக் கை
ஒரு நகத்தளவு பின்னுக்குப் போக
சில்லு வெளிப்பக்கம் முகம் திருப்புகிறது.
காலை எடுத்ததும்
நல்லபிள்ளையாய்த் திரும்பி வந்து நிற்கிறது.

வூத்ரிக் மூன்றுதரம் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் கோப்பி எடுக்கப் போனார்.
எனக்கும் ஒன்று கொண்டுவந்தார்,
நாலு வருசத்தில் முதல்தரம்.

றப்பர் புஷ். சோடி தொண்ணூறு ஃபிராங்க்.
அழுத்தி வெளியே எடுத்தபோதும்
கிழிசல் மூடியே கிடந்தது.
நெம்புகோல் நுனியை வைத்துத் தள்ளினபிறகுதான்
வாய் திறந்தது.

திங்கட்கிழமை அவளையே ஓட்டச் சொன்னேன்.
பின்னுக்கு ஒரு பெட்டியும் இல்லை.
அதே இறக்கம், அதே வளைவுக்கு முன்னால்
மிதித்தாள்.
கார் இடப்பக்கம் பாய்ந்து
நடுக்கோட்டைத் தொட்டது.

புஷ்சைப் பிழையாய்ப் பூட்டிவிட்டேனோ என்று
ஒரு கணம் உள்ளங்கை வேர்த்தது.
பிறகு விளங்கியது.
வால் அசையவேயில்லை.
வால் போகுமுன்னமே
ஸ்ரியறிங்கை இடப்பக்கம் ஒடித்து ஒடித்து
மூன்று மாதம் பழகின கைகள்
இன்றைக்கும் ஒடித்தன.

ஓரமாய் நிப்பாட்டினாள்.
இதுக்கும் ஒரு பார்ட் இருக்கா, என்றாள்.
இல்லை. திரும்ப ஏறுங்கோ.

ஐந்துதரம் ஏறி இறங்கினோம்.
இரண்டாம்தரமும் ஒடித்தாள்.
மூன்றாம்தரம் பாதி.
நாலாம்தரம் கையை இறுக்கிப் பிடித்து
மூச்சையும் பிடித்ததில்
மிதிக்கவே மறந்துபோனாள்.
ஐந்தாவதில் எட்டுப் பசுக்கள்
மணியோசையோடு ரோட்டைக் கடந்தன.
அவள் பசுக்களைப் பார்த்தாள்.
கால் தன்பாட்டில் மிதித்தது.
கார் நேராக நின்றது.

மாலை வூத்ரிக் கேட்டார்:
அந்த ஒரு மணித்தியாலத்தை
பில்லில் என்னவென்று போடுவது?

இலை என்று போடுங்கோ, என்றேன்.